கூலியில் அடங்காத கடன்

ஒருவர் மற்றொருவரின் உழைப்பைப் பெற்று அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டால், அவ்விருவர்க்கும் இடையிலான கணக்கு முடிந்துவிடுகின்றதா? முடிந்துவிட்டது என்பது சந்தையின் விடை. அறத்தின் விடை அத்துணை எளிதானதன்று. உழைப்பு என்பது அணிந்த சட்டையைப் போலக் கழற்றிக் கையளிக்கத்தக்க பொருளன்று. உழைப்பை வாங்குபவர், உழைப்பவரின் உடலையும் அவ்வேளைக்குத் தம் இடத்துக்கு வரவழைக்கின்றார். அவ்வுடல் அங்கே வழுக்கி விழலாம், வெந்து போகலாம், நஞ்சை மூச்சோடு இழுக்கலாம். கூலி, செய்த வேலைக்கு உரியது. அந்த உடலுக்கு நேரும் தீங்கு எவருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

அறவியல் வினாக்கள் இடமும் தொழிலும் அறிந்து ஆராயப்படும்போதே தெளிவு பெறுகின்றன. ஆதலின் இரண்டு தொழிலிடங்கள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலை மலைகள். மற்றையது, பல்கலைக்கழக மாணவர் விடுதி. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை எனத் தோன்றலாம். காலையில் விடுதியில் ஊற்றப்படும் தேநீரே அத்தொடர்பு. மலையில் கொழுந்து பறிப்பவரும் விடுதியில் அதற்கு நீர் கொதிக்கவைப்பவரும், அதனைப் பருகுவோரின் கண்ணிற் படாத உழைப்பாளர் ஆவர்.

மலையின் இடர்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் பிரிந்து, ஒரு கிளை மஸ்கெலியாவையும் மறுகிளை பொகவந்தலாவையையும் நாடிச் செல்கின்றது. வீதியின் இருமருங்கும் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட பின்னர், கோப்பி அழிந்த மலைகள் அடுத்த சில பத்தாண்டுகளில் இப்பயிருக்கு மாறின. அம்மாற்றத்தைச் செய்தவை தமிழகத்திலிருந்து வந்தோரின் கைகள். நோர்வூட் 2018 முதல் தனக்கெனப் பிரதேச சபையொன்றைக் கொண்டுள்ளது. எனினும் சுற்றியுள்ள தோட்டங்களின் நாளை வகுப்பது இன்றும் தேயிலைச் செடியே.

கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். செங்குத்தான சரிவில், மழையில் நனைந்த கற்களின் மீதும் கான்களைக் கடந்தும், நிறைந்துகொண்டே போகும் சுமையைத் தாங்கி நடப்பது அவர்களது தொழில். கழுத்தும் முதுகும் முழங்காலும் தேய்தல் அதன் உடன்விளைவு. அட்டைக்கடி அன்றாட நிகழ்ச்சி. ஆண்கள் கவ்வாத்துக் கத்தி பிடிக்கின்றனர். களைகொல்லி நிரம்பிய கலனை முதுகிற் சுமந்து மருந்தடிக்கின்றனர். கலன் ஒழுகினால் நஞ்சு முதலில் நனைப்பது சுமப்பவரின் முதுகை. தொழிற்சாலையிலோ, உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம்பிரிக்கும் அறையில் நுண்ணிய தூசி மிதக்கின்றது. அத்தூசி தொழிலாளர் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குவதை இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார்.

இவை யாவற்றினும் மலை மக்கள் மிக அஞ்சுவது குளவியை. நிழல்மரக் கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் செடிகளின் அடியிலும் கூடுகள் உள்ளன. காற்றோ பறவையோ கூட்டைக் கலைத்துவிட்டால், சரிவில் நிரையாக நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓடுவதற்கும் வழியின்றி அகப்பட்டுக்கொள்கின்றனர். பல கொட்டுகள் ஒருங்கே விழும்போது மூச்சுக்குழல் வீங்கி அடைபடலாம். நஞ்சு மிகுந்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளிலிருந்து குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தி ஆண்டுதோறும் நாளேடுகளில் வெளிவருகின்றது. சிலர் உயிருடன் திரும்புவதில்லை.

இயற்கையும் தீர்மானமும்

மலையென்றால் அட்டை இருக்கும், குளவி இருக்கும் என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றின் முற்பகுதியை மறுப்பதற்கில்லை. குளவி கூடு கட்டுவது இயற்கை. ஆனால் கூடு இருப்பது தெரிந்த மலைக்கு ஆள் அனுப்புவது இயற்கையன்று. அது ஒருவர் செய்யும் தீர்மானம். வேலைக்குமுன் மலையைப் பார்வையிட்டுக் கூடுகளைக் குறித்துவைக்காமல் விடுவதும் தீர்மானமே. தோட்ட மருந்தகத்தில் ஒவ்வாமை அதிர்ச்சிக்குரிய அட்ரினலின் ஊசி இல்லாதிருப்பதும், கொட்டுப்பட்டவரை ஏற்றிச் செல்ல வாகனம் ஆயத்தமாக இல்லாதிருப்பதும் அவ்வாறே. அறியப்பட்டதும் தடுக்கத்தக்கதுமான ஆபத்து ஒன்று தடுக்கப்படாமல் நீடிக்குமாயின், அது விபத்து என்னும் பெயரை இழந்துவிடுகின்றது. அதனை நீடிக்கவிட்டவர் ஒருவர் இருக்கின்றார். அதனைத் தாங்குபவர் பிறிதொருவர்.

இவ்வுண்மையை வரலாறு இருமுறை தெளிவாகக் காட்டியுள்ளது. கொக்கிப்புழு நோய் தோட்டங்களில் பரவியிருந்த காலத்தில், 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கையில் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. வெறுங்காலுடன் மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உடலினுட் செல்லும் அப்புழு, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில் மண் மீண்டும் மாசுபடும். மருந்துண்டவர் மீண்டும் நோயாளியாவார். மருந்து கொடுத்தல் மலிவு. மலசலகூடம் கட்டுதல் செலவு. தோட்டத்துரைமார் பலர் முன்னையதை வரவேற்ற அளவுக்குப் பின்னையதில் ஆர்வம் காட்டவில்லை. தொழிலாளி மீண்டும் வேலைக்கு நிற்கும் அளவுக்கு நலம் பெற்றாற் போதும் என்ற எண்ணமும், அவர் மனிதராக நலம் பெறவேண்டும் என்ற எண்ணமும் வேறு வேறு என்பதை இங்கே காணலாம்.

இரண்டாவது, மண்சரிவு. தோட்டத் தொழிலாளிக்குத் தொழிலிடமும் உறைவிடமும் பிரிந்தவையல்ல. லயத்துக் காம்பரா தொழிலோடு சேர்ந்து வந்தது. தொழிலை விட்டால் காம்பராவையும் விடவேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. ஆதலின் லயம் அமைந்துள்ள இடத்தின் ஆபத்தும் தொழிலின் ஆபத்தாகவே கொள்ளத்தக்கது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை திடீரெனச் சரிந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னைய ஒன்பது ஆண்டுகள் திடீரென வந்தவையல்ல.

இணக்கம் என்னும் வாதம்

இதற்கு மறுதரப்பிலிருந்து எழும் வலிமை மிக்க வாதம் ஒன்றுண்டு. தொழிலின் ஆபத்தை அறிந்தே தொழிலாளி அதில் இறங்குகின்றார். அவர் இணங்கியதொன்றுக்காகப் பிறரைக் குறைகூறல் பொருந்துமா என்பதே அது. 1776இல் வெளிவந்த தமது நூலில் அடம் சிமித், வெறுக்கத்தக்க வேலைக்குக் கூலி உயர்ந்திருக்கும் எனக் கொண்டார். இக்கொள்கை விரிக்கப்பட்டு, ஆபத்தின் விலையும் கூலியினுள் அடக்கம் எனப் பிற்காலப் பொருளியலாளர் சிலர் கூறலாயினர்.

அவ்வாறாயின் மலையிலேறுபவரின் கூலி மேசையருகே அமர்ந்திருப்பவரின் ஊதியத்தினும் உயர்ந்திருத்தல் வேண்டும். உலகியல் அதற்கு நேர்மாறானது. உடலை வருத்தும் வெறுக்கத்தக்க வேலைகளே பெரும்பாலும் மிகக் குறைந்த கூலி பெறுகின்றன என்பதை ஜோன் ஸ்ருவட் மில் 1848இலேயே சுட்டிக்காட்டினார். அவ்வேலைகளைச் செய்வோர் வேறு வழியற்றோர் என்பதே அதற்கு அவர் கண்ட காரணம். வேறு வழியற்றவரின் இணக்கம் எத்தகையது? புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலைக் காக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறியும் உதாரணத்தை அரிஸ்டோட்டில் தம் அறவியலில் ஆராய்கின்றார். எறிவது மாலுமியின் கையே. ஆயினும் புயலில்லாத நாளில் எவரும் சரக்கைக் கடலில் எறியார்.

மலையக மக்களின் புயல் நெடியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோரின் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தீர்வை நெருங்கியது. வாக்கும் நிலமும் இல்லாது, வீடும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்த தலைமுறைகள் தொழிலின் ஆபத்துக்கு இணங்கின என்று கூறுவது, சொல்லளவில் மெய், பொருளளவில் மெய்யன்று. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ட்டின் கோட்பாடு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொழிலாளியின் உழைப்பைக் கருவியாகக் கொள்வதை அக்கோட்பாடு தடுப்பதில்லை. அவருடைய உடல் தேய்வதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகக்கூட எழுதாது விடுவதையே அது தடுக்கின்றது.

நட்டஈடும் காப்பும்

சட்டம் இவ்விடயத்திற் செய்தது யாது? 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலின்போது காயமுற்றவர்க்கு ஈடு கொடுக்க வழிவகுத்தது. 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்துக்கு வேலியிடுவதையும் காற்றோட்டத்தையும் பிறவற்றையும் முன்னேற்பாடாக வலியுறுத்தியது. இவற்றிடையே உள்ள வேற்றுமை ஊன்றி நோக்கற்பாலது. நட்டஈடு தீங்கு நேர்ந்தபின் வருவது. காப்பு தீங்கு நேருமுன் வருவது. தொழிற்சாலைக் கதவுக்கு உள்ளே காப்பு இருந்தது. கதவுக்கு வெளியே, கொழுந்து பறிக்கும் மலையில் நட்டஈடு மட்டுமே இருந்தது. விரல் போனபின் விரலுக்கு விலை பேசுவது நீதியின் ஒரு பகுதி. விரல் போகாமற் பார்ப்பது அதற்கு முன்னுள்ள பகுதி. பின்னையதைச் செய்துவிட்டதனால் முன்னைய கடன் தீர்ந்தது என்று கொள்ளல் ஆகாது.

காப்பு என்றவுடன் கையுறையும் முகமூடியும் நீண்ட சப்பாத்தும் நினைவுக்கு வரும். அவற்றைக் கொடுத்தாலும் தொழிலாளர் அணிவதில்லை என்ற குறை நிருவாகத்தினரிடையே உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஏன் அணிவதில்லை என்பதை வினவுபவர் சிலரே. மலையகத்தில் ஒருநாட் கூலியைப் பெயர் என்பர். குறித்த நிறையுள்ள கொழுந்தைப் பறித்தவருக்கு முழுப்பெயர். நிறை குறைந்தால் அரைப்பெயர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரலுக்குக் கையுறை தடை. தடை வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் பெயர் பாதியாகும். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களில் பிணக்கு எழுந்தது. கூலி மேலேறும்போது நிறையும் மேலேறுமாயின், கையுறை அணிவதற்கான நேரம் முன்னையிலும் குறைகின்றது.

ஆகவே காப்பு என்பது ஒரு பொருள் மட்டுமன்று, அது நேரம். வழுக்கும் கல்லில் மெதுவாகக் காலூன்றுவதற்கு நேரம் வேண்டும். ஒழுகும் கலனை இறக்கிவைத்துத் திருத்த நேரம் வேண்டும். தொழிலாளியின் நேரம் எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே தொழிலாளியின் பாதுகாப்பும் உள்ளது. நேரத்தைக் கொடாது கையுறையை மட்டும் கொடுத்தவர், ஆபத்துக்கான பழியைத் தொழிலாளியின் தலையில் ஏற்றும் வசதியையே தமக்கு வாங்கிக்கொண்டவராவார்.

விடுதியின் பின்வாயில்

மலையின் குறையைப் பல்கலைக்கழகத்தில் இருந்து பேசுதல் எளிது. தோட்டமும் கம்பனியும் தொலைவில் உள்ளன. ஆதலின் அதே அளவுகோலை அருகிலுள்ள இடத்திலும் வைத்துப் பார்த்தல் நேர்மையாகும்.

தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலை 1700இல் வெளியிட்டார். இத்தாலியின் மொடேனா நகரில் தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவர் பதற்றத்தோடு விரைந்து வேலை செய்வதைக் கண்டு அவர் காரணம் வினவினார். குழியில் நெடுநேரம் நின்றால் கண் கெட்டுப்போகும் என்ற விடை கிடைத்தது. அந்த உரையாடலே அந்நூலுக்கு வித்து. நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய பழைய வினாக்களோடு, உமது தொழில் யாது என்ற புதிய வினாவையும் அவர் சேர்த்தார். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், அப்பேராசிரியரின் கண் திறந்தது தொலைவிலுள்ள சுரங்கத்தில் அன்று. தம் வீட்டின் பின்புறத்திலேயாகும்.

இலங்கையில் வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற கருத்து 1952இல் பேராதனை வளாகத்தில் நடைமுறைக்கு வந்தது. மாணவர் ஒருங்கே உறைந்து, உண்டு, உரையாடுவதும் கல்வியின் பகுதி என்பது அதன் உட்கிடை. அந்த உரையாடல் நடைபெறும் மேசையைத் துடைப்பவருக்கும் அக்கல்வியில் இடமுண்டா என்பது அப்பொழுது அதிகம் கேட்கப்படவில்லை. அவர்களுக்கு அலுவலக வழக்கில் வாய்த்த பெயர் சிற்றூழியர். ஊழியத்தின் எப்பகுதி சிறிது என்பதை அப்பெயர் கூறுவதில்லை.

விடுதிச் சமையலறையில் நூற்றுக்கணக்கானோருக்குரிய சோறு வடிக்கப்படுகின்றது. கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கும்போது தரை ஈரமாக இருந்தால், ஒருவரின் கால் வழுக்குவதே இருவர் வேகப் போதுமானது. தேங்காய் துருவும் மின்னியந்திரம் விரலை அறிவதில்லை. புகையும் ஆவியும் வெளியேறும் வழி இல்லாத அறையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் நெஞ்சு அதனைச் சேமித்து வைக்கின்றது. துப்புரவுத் தொழிலாளியின் நிலை இதனினும் நுட்பமானது. மலசலகூடம் கழுவும் அமிலமும் வெளிற்றும் திரவமும் தனித்தனியே பயன்தருவன. கறை விரைவில் நீங்கட்டும் என்று இரண்டையும் கலந்தால் குளோரீன் வாயு எழும். அடைபட்ட அறையில் அது நுரையீரலைப் புண்படுத்தும். இவ்வுண்மை விஞ்ஞான பீட மாணவர் முதலாண்டிலேயே அறிவது. அதே கட்டிடத்தில் வாளி ஏந்தி நிற்பவருக்கு அதனைச் சொல்ல ஒருவரும் முன்வராதிருப்பின், அங்கே அறிவு மாடியில் இருக்கின்றது. ஆபத்து தரையில் இருக்கின்றது. எலிகள் திரியும் கழிவுக் கானில் வெறுங்காலோடு இறங்குபவரை எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். குப்பை வாளியினுள் மறைந்துள்ள உடைந்த கண்ணாடியும் சவர அலகும் அவரது கையைக் கிழிக்கின்றன.

இவற்றுள் குப்பை வாளிக்குள் அலகை எறிந்தவர் எவர்? இங்கே தோட்டத்துரையும் இல்லை; கம்பனியும் இல்லை. எறிந்தவர் மாணவர். அவருக்குத் தீய எண்ணம் இருந்ததில்லை. அந்த வாளியில் ஒரு கை நுழையும் என்ற எண்ணமே இருந்ததில்லை. பெருந்தீங்குகள் பல கொடியோரால் விளைவதில்லை, நினையாதோரால் விளைகின்றன. மலையில் நெடுங்காலம் நிலைத்ததும் இந்நினையாமையே. அளவு வேறு, வகை ஒன்று.

இதனால் மாணவரின் பொறுப்பும் முதலாளியின் பொறுப்பும் சமமென்று கொள்ளலாகாது. ஆபத்தை நீக்கும் அதிகாரம் உடையவர்க்கே முதற்கடன். விடுதியிலும் அது நிருவாகத்தின் கடனே. ஆட்களை ஒப்பந்தக்காரர் மூலம் பெறுவதனால் அக்கடனையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கைமாற்றிவிட இயலாது. பயன் துய்ப்பவர்க்கு அடுத்த கடன். அறிந்தவர்க்கு மூன்றாவது கடன். பல்கலைக்கழகத்தார் பின்னைய இரண்டும் ஒருங்கே வாய்த்தவர்கள். இன்னா செய்யாமையைக் கூறும் அதிகாரத்தில் வள்ளுவர், பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் போற்றாதவிடத்து அறிவினால் விளையும் பயன் யாதென வினவுகின்றார். அருளைப் பற்றிய அதிகாரத்துக்கு உரியதாகத் தோன்றும் அவ்வினாவை அவர் அறிவின்மேல் எழுப்பியமை, கற்றோர் கூடிய இடத்துக்கு மிகப் பொருந்துவதாகும்.

முடிபு

கடன் யாதென அறிந்தபின் அதனைச் செலுத்தும் வழி கடினமன்று. விடுதியில் கூரிய பொருள்களுக்குத் தனி வாளி வைக்கலாம். மருந்துப் போத்தல்களில் தொழிலாளர் படிக்கும் மொழியில் எச்சரிக்கை எழுதலாம். விடுதிக் குழுவில் சமையலாளரும் துப்புரவாளரும் அமர இடமளிக்கலாம். மலையில், கூடுள்ள பகுதி விலக்கப்படலாம். மருந்தகத்தில் ஊசிமருந்தும் தொழிலிடத்தில் வாகனமும் ஆயத்தமாக இருக்கலாம். இவற்றுள் எதுவும் தேயிலைத் தொழிலை முடக்கும் செலவன்று.

எனினும் இவையனைத்துக்கும் அடியிலிருப்பது ஓர் உரிமை. உயிருக்கு உடனடியான பேராபத்து உண்டெனத் தக்க காரணத்தோடு கருதி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டித்தல் ஆகாது என, சர்வதேச தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம் கூறுகின்றது. பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள தொழிற்சூழலை 2022 ஜூனில் அத்தாபனம் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஜெனீவாவில் எழுதப்பட்ட இவ்விதியை நோர்வூட்டின் மொழியிற் கூறின் அது ஒரே வாக்கியமாகும்: குளவியைக் கண்டு கூடையை இறக்கி விலகி நின்றவருக்கு அன்றைய பெயர் முழுப்பெயராகவே விழுதல் வேண்டும். அந்தப் பெயர் அரைப்பெயராக வெட்டப்படும் வரையில், அவருடைய கூலி எவ்வளவு உயரினும் அவருக்குரிய கடன் தீர்ந்ததாகாது.